அம்புலிக்கு முகம் உண்டா?

சின்னமனூரிலிருந்து உத்தமபாளையம் வழியாகக் கம்பம் செல்லும் சாலையில், முழுநிலா நாளின் அந்தியில் பயணம் செய்திருக்கிறீர்களா? வலப்புறம், கேரள எல்லையாக நிற்கும் மலைத்தொடருக்குப் பின்னே கதிரவன் இறங்கிக்கொண்டிருப்பான். ஏறத்தாழ அதே வேளையில் இடப்புறம், மேகமலையின் முகட்டில் மெல்லிய ஒளி படரும். பிறகு, மலைக்குப் பின்னாலிருந்து யாரோ தூக்கி விடுவதைப்போல நிலா மேலே வரும். நம் குழந்தைகளின் நிலாப் பாட்டில், மலையேறி வரும்படியும் வரும்போது மல்லிகை எடுத்து வரும்படியும் நிலாவை வேண்டுவார்கள் அல்லவா? கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்த குழந்தைக்கு அது கற்பனையன்று. மாதந்தோறும் கண்ணெதிரே நடக்கும் செய்தி.

இந்த நிலாவைத்தான் நாங்கள் வரையப் புகுந்தோம். பள்ளத்தாக்கின் சிற்றூர் ஒன்றில் நண்பர்கள் சிறுவர் நூலகம் தொடங்க முனைந்தபோது, சுவரில் மாட்ட ஒரு படம் கேட்டார்கள். எங்கள் குழுவில் ஓவியர் எவருமில்லை. இருந்தவை ஒரு மடிக்கணினியும், இங்க்ஸ்கேப் என்னும் இலவச மென்பொருளும், அளவுக்கு மீறிய துணிச்சலும்தான். தமிழ்க் குழந்தைப் பாடல்களின் கதைமாந்தருள் மூத்தவர் யார் என்று பார்த்தால் அது நிலாதான் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு எழவில்லை. அதன்பின் எல்லாவற்றிலும் எழுந்தது.

முதற்படம் அரைமணி நேரத்தில் முடிந்தது. ஒரு வட்டம், அதன்மேல் சற்றே நகர்த்தி வைத்த இன்னொரு வட்டம், முன்னதிலிருந்து பின்னதைக் கழிக்கும் ஒரு கட்டளை. பிறை வந்துவிட்டது. அதன் உட்குழிவில் ஒரு கூர்மூக்கு, மூடிய கண், சிரித்த வாய், தலையில் குஞ்சம் வைத்த இரவுத்தொப்பி. பார்த்தவர்கள் அனைவரும் மெச்சினார்கள். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் மட்டும் நெடுநேரம் பார்த்துவிட்டு, “எல்லாம் சரிப்பா, இந்தப் பெறை எந்த ஊரு வானத்துல தெரியுது?” என்று கேட்டார்.

கேலி என்றுதான் முதலில் நினைத்தோம். அன்று மூன்றாம் பிறை. மொட்டைமாடிக்குச் சென்று பார்த்தபோதுதான் கேள்வியின் கூர்மை உறைத்தது. எங்கள் திரையிலிருந்த பிறை நிமிர்ந்து நின்றது; மேற்கு மலைக்கு மேலிருந்த பிறையோ தோணியைப் போல மல்லாந்து கிடந்தது! காரணம் எளியது. தேனி மாவட்டம் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 10 பாகையில் உள்ளது. இலண்டன் ஐம்பத்தொன்றரைப் பாகையில். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க, மறைந்த கதிரவன் பிறைக்கு நேர் கீழே இருப்பான். ஆகவே ஒளிபெற்ற பாகமும் கீழே இருக்கும். ஆண்டு முழுதும் ஒரே சாய்வு இல்லை என்பது உண்மையே. ஆயினும் மாசி பங்குனி மாதங்களில் நம் பிறை ஏறக்குறையக் கிடைமட்டம். வடபுலத்தில் இலையுதிர் காலத்துப் பிறை ஏறக்குறைய நிமிர்ந்தே நிற்கும். நாங்கள் வரைந்தது ஐரோப்பியப் படப்புத்தகத்தின் பிறை. அதை எவரும் எங்களுக்குக் கற்பிக்கவில்லை. கை தானாகவே வரைந்தது. எங்களை உறுத்தியது அந்தத் ‘தானாகவே’ என்னும் சொல்தான்.

பாட்டில் வரும் ஒருவருக்கு முகம் எப்படி வாய்க்கிறது? இதற்கு நன்கு அறியப்பட்ட வரலாறு ஹம்ப்டி டம்ப்டியினுடையது. மதிலிலிருந்து விழுந்து, அரசனின் ஆட்களாலும் ஒட்டவைக்க முடியாமற் போன அவர் ஒரு முட்டை என்பது நம்மூர் மழலைப் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் 1797-இல் சாமுவேல் ஆர்னால்டின் தொகுப்பில் அச்சேறிய அப்பாட்டில் முட்டை என்ற சொல்லே கிடையாது. அது ஒரு விடுகதை. முட்டை என்பது விடை. 1871-இல் லூயிஸ் கரோல் அவரைத் தம் கதைக்குள் பேசவிட்டார். ஜான் டென்னியல் மரக்கட்டையில் வரைந்து கொடுக்க, டால்சியல் சகோதரர்கள் அதைச் செதுக்கினார்கள். இன்று நூல்களிலும் திரையிலும் காணும் ஹம்ப்டி டம்ப்டிகளுள் மிகப்பல அந்த முட்டையின் வழித்தோன்றல்களே. விடையைப் படமாக அட்டையிலேயே போட்டுவிட்ட பிறகு அது விடுகதையாக எப்படி இருக்கும்? படம் ஒன்றைக் கொடுத்து ஒன்றை எடுத்துக்கொண்டது.

நம் நிலாவின் வரலாறு இதற்கு நேர்மாறானது. கலித்தொகையின் நெய்தற்கலியில், காதலனைப் பிரிந்து மயங்கிய பெண்ணொருத்தி நிலவுக்குள் இருக்கும் குறுமுயலை விளித்துப் பேசுகிறாள். நிலவின் மறுவை முயலாகக் காணும் வழக்கு அத்தனை பழையது. கி.பி. 9-ஆம் நூற்றாண்டை ஒட்டிய பெரியாழ்வார், யசோதை நிலவைக் கண்ணனோடு விளையாட அழைப்பதாகப் பத்துப் பாசுரம் பாடினார். அங்கே நிலாவுக்குத் தனி முகம் எதுவும் தரப்படவில்லை. நீ என்னதான் செய்தாலும் என் மகன் முகத்துக்கு இணையாகமாட்டாய் என்றல்லவா தாய் சொல்கிறாள்! முகம் குழந்தைக்குரியது. அதனோடு போட்டியிட்டுத் தோற்பதே நிலவின் வேலை.

பின்னர் இது பிள்ளைத்தமிழில் அம்புலிப் பருவம் என்ற தனிப்பகுதியாயிற்று. பத்துப் பருவங்களுள் ஏழாவது. ஆண்பால், பெண்பால் இரண்டிற்கும் பொது. சாம, பேத, தான, தண்டம் என்னும் நான்கு உபாயங்களாலும் நிலவை அழைக்க வேண்டும். உனக்கும் என் குழந்தைக்கும் இன்னின்னது ஒப்பு என்று இணக்கமாகத் தொடங்கி, நீ தேய்பவன் என்று வேற்றுமை காட்டி, வந்தால் இன்னது பெறுவாய் என்று ஆசை காட்டி, வராவிட்டால் என்ன ஆகும் தெரியுமா என்று மிரட்டி முடிப்பது மரபு. அம்புலியைப் பாடுவது அரிது என்பதால் பிள்ளைக்கவியில் அது புலி என்று புலவர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. இவ்வளவு பேச்சு வாங்கிய நிலா, ஒரு வார்த்தையும் திருப்பிப் பேசவில்லை, வாய் இருந்தால்தானே? அதன் மறுவில் முயல் உண்டு. பிற்காலத்துக் குழந்தைகளுக்கு வடை சுடும் பாட்டியும் உண்டு. மூக்கும் விழியும் இல்லை.

இந்த இடத்தில் எங்கள் மாவட்டத்துப் பெருமை ஒன்றைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டு, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தினர் தமிழ்பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் மூன்றைக் கண்டெடுத்தனர். கி.மு. காலத்தவை என்று கணிக்கப்பட்டவை. அவற்றுள் ஒன்று கூடலூரில் நடந்த ஆகோள் பூசலில் இறந்த அந்தவன் என்பவனுக்கு எடுத்தது. அந்தக் கூடலூர் கம்பத்தை அடுத்த கூடலூரே என்று கருதுவோரும் உண்டு. பிற்கால நடுகற்களில் வில்லும் வாளும் ஏந்திய வீரனின் உருவம் செதுக்கப்பட்டிருக்கும். இக்கற்களில் உருவம் இல்லை, எழுத்து மட்டுமே. பெயர் முதலில் வந்தது. முகம் பல நூற்றாண்டு கழித்து வந்தது. குழந்தைப் பாட்டையும் வீரன் கல்லையும் ஒப்பிடலாமா என்று கேட்பீர்களாயின், ஒப்பிடக்கூடாதுதான். ஆனாலும் எங்களால் இரண்டையும் பிரித்து நினைக்க முடியவில்லை.

நம்மவர்க்குப் படம் வரையத் தெரியாததால்தான் நிலா முகமின்றி நின்றது என்று எவரேனும் சொன்னால் அது பொருந்தாது. 1947 ஜூலையில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் சென்னையில் தொடங்கிய ‘அம்புலிமாமா’ நிலவின் பெயரையே சூடிக்கொண்ட இதழ். விக்கிரமாதித்தனையும் அவன் தோளில் தொங்கிய வேதாளத்தையும் ஒரு தலைமுறையின் மனத்தில் நிலைநிறுத்திய ஓவியர் சங்கர் (1924–2020) அதில் வரைந்தவர். வேதாளம் என்றதும் நம் கண்ணில் தோன்றுவது அவருடைய தூரிகையன்றி வேறென்ன? இன்று கணினித் திரையில் நடப்பதையும் பாருங்கள். 2013-இல் சென்னையில் வினோத் சந்தர் தொடங்கிய சுச்சு டிவி, ஆங்கில மழலைப் பாடல்களுக்கு அசைபடம் அமைத்து யூடியூப் வழியாக உலகெங்குமுள்ள குழந்தைகளிடம் சேர்த்துவிட்டது. கைத்திறனுக்குக் குறைவில்லை.

வெக்டர் முறை என்று சொல்கிறார்களே, அதன் உட்கருத்தும் நமக்கு அந்நியமன்று. நிழற்படம் என்பது நிறப்புள்ளிகளின் கூட்டம், பெரிதாக்கினால் சிதறும். வெக்டர் படம் ஒரு செய்முறைக் குறிப்பு. இங்கே ஒரு கணு, அங்கே ஒரு கணு, இரண்டையும் இணைக்கும் கோடு இந்தப் பக்கமாக இவ்வளவு வளைய வேண்டும் என்று கணினிக்குச் சொல்வது. ஆகவே அஞ்சல்தலை அளவிலும் ஆளுயரத் தட்டியிலும் அதன் விளிம்பு கலைவதில்லை. 1963-இல் ஐவன் சதர்லாந்து ஒளிப்பேனாவால் திரையில் கோடு வரைந்து காட்டினார். வளைகோட்டின் கணிதத்தைத் தந்தவர்கள் கார் நிறுவனத்தார்: 1959-இல் சித்ரோவனில் தெ காஸ்தெல்ழோ, அடுத்த பத்தாண்டில் ரெனோவில் பெசியே. இல்லஸ்ட்ரேட்டர் 1987-இலும் கோரல்டிரா 1989-இலும் இங்க்ஸ்கேப் 2003-இலும் வந்தன.

இதைப் படித்ததும் வாசல் கோலம் நினைவுக்கு வரவில்லையா? முதலில் புள்ளி, பிறகு புள்ளியைச் சுற்றி வளையும் கோடு, அதே கோலம் சிறு வாசலுக்கும் தேரோடும் வீதிக்கும் பொருந்தும். இந்த ஒற்றுமையை நாங்கள் கண்டுபிடித்ததாக எண்ணிப் பெருமைப்பட இடமில்லை. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, இராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் கோலத்தை இலக்கணமுடைய ஒரு மொழியாகக் கருதி, அதன் விதிகளைக் கணினிக்குரிய அணி இலக்கணமாக வகுத்து 1974-இலேயே ஆய்வுக்கட்டுரை வெளியிட்டுவிட்டார்கள். இல்லஸ்ட்ரேட்டர் பிறப்பதற்குப் பதின்மூன்று ஆண்டு முன்னால்! அன்றாடம் அரிசிமாவில் வரைந்து அன்றே காலடியில் அழியும் ஒன்றைக் கணினியியலின் பொருளாக எடுத்துக்கொள்ள அவர்களுக்குக் கூச்சமே இருக்கவில்லை. இன்றைய கணினி வகுப்புகளில் இவர்கள் பெயர் ஒருமுறையாவது சொல்லப்பட வேண்டும் என்பது எங்கள் ஆசை.

ஆக, முகமின்மைக்குக் காரணம் வேறாக இருக்க வேண்டும். நாங்கள் வந்தடைந்த கருத்து இது. ஹம்ப்டி டம்ப்டியை எவரும் மதில்மேல் கண்டதில்லை; அவருக்குப் படம் தேவை. நிலாப் பாட்டோ, குழந்தையை இடுப்பில் வைத்து, சோற்றுருண்டையைக் கையிலேந்தி, மற்றக் கையால் வானத்தைச் சுட்டிக்காட்டிப் பாடப்பட்டது. சுட்டப்படும் பொருளே எதிரில் நிற்கும்போது படம் எதற்கு? குழந்தை நிலவைப் பார்க்கும். தாய் குழந்தையின் வாயைப் பார்ப்பாள். இன்று அந்தச் சோற்றுருண்டை கைப்பேசித் திரையின் முன்னே ஊட்டப்படுகிறது. திரையில் வரும் நிலவுக்குத் தொப்பி இருக்கிறது, கண் சிமிட்டுகிறது, தானே பாடவும் செய்கிறது. குழந்தை அழைக்க வேண்டிய தேவையே இல்லை. மலைக்கு மேலிருப்பதைப் பின்னொரு நாள் அது காணும்போது, தொப்பி இல்லாத ஏதோ ஒன்றாகத்தானே தோன்றும்? நூலகச் சுவரில் நாங்கள் மாட்டப்போகும் படத்திற்கும் இதில் பங்கு உண்டு என்பதை உணர்ந்தபோது கொஞ்சம் அச்சமாகவே இருந்தது.

படத்தையே கைவிடலாம் என்றார் ஒருவர். நூலகத்தின் வெற்றுச்சுவர் அதற்கு இடம் தரவில்லை. இறுதியில் பிறையை அழித்துவிட்டு முழுநிலாவை எடுத்தோம். மேகமலைக்கு மேல் எழுந்த நிலவை இரு மாலைகளில் பார்த்து, அதன் கறைகளைத் தாளில் குறித்துக்கொண்டு, ஐந்து மூடிய வளைகோடுகளாகத் திரையில் வரைந்தோம். அடியில் மலைமுகடு ஒற்றைக் கோடு. முயலுக்கு வாதாடியவர்கள் பாதி, பாட்டிக்கு வாதாடியவர்கள் பாதி. ஆகவே கறையைக் கறையாகவே விட்டோம். அதை உருவமாக்கும் வேலை பார்க்கும் பிள்ளையைச் சேர்ந்தது.

கணக்கில் ஆர்வமுள்ள வாசகர்களுக்கு ஒரு செய்தி. இத்தகைய மென்பொருளில் வட்டத்தை வளைகோடாக மாற்றினால் அது நான்கு பெசியே வளைவுகளாகும். அவ்வளைவுகளால் துல்லியமான வட்டத்தை வரையவே முடியாது; ஆரத்தில் பத்தாயிரத்தில் மூன்று பங்குக்கும் குறைவான பிழை எஞ்சும். நிலவின் ஆரம் 1737 கிலோமீட்டர். அந்த அளவில் இப்பிழை அரைக் கிலோமீட்டர்கூட வராது. நிலவின் மலைகளே அதைவிட உயரமானவை.

அச்சிடக் கொண்டுபோன இடத்தில், பிளெக்ஸ் கடைத் தம்பி படத்தைத் திரையில் விரித்துப் பார்த்துவிட்டு, “கண்ணு, வாயி எதுவும் வைக்கலையா சார்? சின்னப் பிள்ளைகளுக்குத்தானே, ரெண்டு நிமிசத்துல வச்சுத் தந்துர்றேன்” என்றார். வேண்டாம் என்றோம். அவர் படத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினார். நடுவிலிருந்த கறையின்மேல் சுட்டியை வைத்து, “இது அடுப்பு. அந்தா, அதுதான் பாட்டி. எங்க அப்பத்தா காட்டிருக்கு” என்றார்.

அது அடுப்பல்ல, முயலின் காது என்று எங்களில் ஒருவர் தொடங்கிவிட்டார். அச்சு வேலை ஆரம்பிக்க அரைமணி தாமதமாயிற்று.