புள்ளிக் கணக்கு



நம் பக்கத்து நகரத்தார் வீட்டுத் திருமணங்களுக்குக் கோயில் மாலை வருவதைப் பார்த்திருக்கிறோம். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி என ஒன்பது கோயில்கள். ஒவ்வொரு குடும்பமும் அவற்றில் ஒன்றைச் சேர்ந்தது. மாலை வந்து மணம் முடிந்தால், மாப்பிள்ளையின் கோயிலில் அந்தத் தம்பதியர் ஒரு ‘புள்ளி’. நம் ஊர்களில் தலைக்கட்டு என்கிறோமே, அதுபோல. இருவரில் ஒருவர் இறந்துவிட்டால் மற்றவர் அரைப் புள்ளி. கோயில் செலவுக்குப் புள்ளிக்கு இவ்வளவு என்று வரி உண்டு.

இதோடு மகமை என்ற வரவும் இருந்தது. தொழில் செய்தவர்கள் வருமானத்தில் ஒரு பங்கை அறத்துக்கென்று ஒதுக்கி வைத்தார்கள். 1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. அங்கே நெல் விளைச்சல் பெருகியது. உழவர்களுக்குக் கடன் கொடுத்த செட்டியார் கடைகளும் பெருகின. கடல் கடந்து வந்த அந்தப் பணம் கோயில்களைக் கருங்கல்லில் புதுப்பித்தது, சத்திரங்களையும் பள்ளிகளையும் எழுப்பியது.

1930களில் உலகமெங்கும் விலை வீழ்ந்தது. கொடுத்த கடன் பணமாகத் திரும்பாமல் நிலமாகத் திரும்பியது. அதனால் பர்மிய உழவர்களின் மனக்கசப்பும் வளர்ந்தது. 1942இல் ஜப்பானியப் படை வந்தபோது பலர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். 1948இல் நிலத்துக்கும் 1963இல் வங்கிகளுக்கும் அரசுடைமைச் சட்டங்கள் வந்தன. பர்மா மகமை வற்றிப் போனது.

ஆனால் புள்ளிக் கணக்கு நிற்கவில்லை. கோயில் மாலை இன்றும் போகிறது. புள்ளி வரி இன்றும் உண்டு. செல்வம் போன பிறகும் யார் யார் நம்மவர் என்பது ஏட்டில் இருந்தது.

நம் பங்குகளிலும் இரண்டு வரவுகள் உண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் பெரிய நன்கொடைக்குக் கல்வெட்டு வைக்கிறோம். மாதச் சந்தாவையோ நிலுவையில் விட்டுவிடுகிறோம். பொருளாளர் கணக்கு வாசிக்கும்போது தலை குனிகிறோம்.

காணிக்கைப் பெட்டிக்கு எதிரே அமர்ந்திருந்த ஆண்டவர், செல்வர் பலர் மிகுதியாகப் போட்டதையும் ஏழைக் கைம்பெண் இரண்டு காசுகள் போட்டதையும் கண்டார் (மாற்கு 12:41-44). சீடர்களைக் கூப்பிட்டுச் சொன்னது அந்தப் பெண்ணைப் பற்றித்தான். நகரத்தார் ஏட்டில் அவர் அரைப் புள்ளி. ஆண்டவரின் கணக்கில் எல்லாரையும்விட மிகுதியாகப் போட்டவர்.

நம் தெருவில் தனித்து வாழும் கைம்பெண்ணிடம் சந்தா கேட்கத் தயங்கி, அவர் வீட்டைக் கடந்து போகிறோமா? அது இரக்கம் என்று நினைக்கிறோம். ஏட்டிலிருந்து அவர் பெயரை எடுத்துவிடுகிறோம் என்பதை மறந்துவிடுகிறோம். கொடுப்பது பத்து ரூபாயானாலும் அவர் பெயரும் எழுதப்படட்டும். ஆமென்.