கோடை லீவில் பள்ளிக்கூடம் போன வாத்தியார்கள்

"வாத்தியார் வேலைக்கென்ன, வருஷத்துக்கு ரெண்டு மாசம் லீவு!" ஊரில் எல்லோரும் சொல்லும் பேச்சு இது. அதே ஆட்கள்தான், "இந்த லீவிலாவது புதுசா ஏதாவது படிச்சுட்டு வந்து சொல்லிக் கொடுக்கக் கூடாதா?" என்றும் கேட்பார்கள். ஓய்வு எடுத்தால் சோம்பேறி. படித்தால், லீவு எங்கே போயிற்று?

இந்த இழுபறி இன்று நேற்று வந்ததல்ல. நூற்றைம்பது வருடங்களாக இருக்கிறது. இதற்கு விடை தேடி அதிகமாகப் பரிசோதனை செய்து பார்த்த நாடு அமெரிக்கா. சில பரிசோதனைகள் பலித்தன, சில பாதியில் நின்றன. எல்லாமே சுவாரசியமான கதைகள். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கோடை லீவு எப்படி வந்தது?

வயலில் வேலை செய்யப் பிள்ளைகள் தேவைப்பட்டதால்தான் அமெரிக்காவில் கோடை லீவு விட்டார்கள் என்று ஒரு கதை பரவலாக உண்டு. கொஞ்சம் யோசித்தாலே அது இடிக்கும். விதைப்பு வசந்த காலத்தில், அறுவடை இலையுதிர் காலத்தில். அதனால் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கிராமத்துப் பள்ளிகள் பல, குளிர்காலத்தில் ஒரு பருவம், கோடையில் ஒரு பருவம் என்றுதான் நடந்தன. நகரத்துப் பள்ளிகளோ ஏறக்குறைய வருடம் முழுக்கத் திறந்திருந்தன.

கோடை லீவு மெல்ல மெல்லத்தான் வந்தது. வெயிலில் நகரத்து வகுப்பறைகள் அடுப்பாகக் கொதித்தன. வசதி உள்ள குடும்பங்கள் ஊரை விட்டுக் கடற்கரைக்கும் மலைக்கும் கிளம்பின. அதிகம் படித்தால் மூளை கெட்டுவிடும் என்று அந்தக் காலத்து மருத்துவர்கள் சிலர் எச்சரித்தார்கள். கல்விச் சீர்திருத்தக்காரர்கள் இன்னொரு காரணமும் சேர்த்தார்கள்: ஆசிரியர்களுக்குப் பயிற்சி பெற நேரம் வேண்டும்.

அதாவது ஓய்வு, படிப்பு என்ற இரண்டு நோக்கங்களும் கோடை லீவு பிறந்தபோதே ஒட்டிப் பிறந்தவை. சிக்கலும் கூடவே பிறந்துவிட்டது. அமெரிக்காவில் பெரும்பாலான ஆசிரியர்களுக்குப் பாடம் நடத்திய மாதங்களுக்குத்தான் சம்பளம். லீவு என்றால் வருமானமும் லீவு! கையில் காசில்லாதவர் ஓய்வெடுப்பதும் கஷ்டம், செலவு செய்து படிப்பதும் கஷ்டம். இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த கதைக்குப் போகலாம்.

ஒரு தீவு, ஒரு கொட்டகை, ஐம்பது ஆசிரியர்கள்

1873. ஹார்வர்டில் விலங்கியல் பேராசிரியராக இருந்தவர் லூயி அகஸ்ஸி. சுவிட்சர்லாந்தில் பிறந்தவர், பனியுகம் என்ற கருத்தை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர். பள்ளி ஆசிரியர்களுக்குக் கடலோரத்தில் ஒரு கோடைப் பள்ளி நடத்த வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஆனால் இடமும் இல்லை, பணமும் இல்லை.

செய்தியைக் கேள்விப்பட்டார் ஜான் ஆண்டர்சன் என்ற நியூயார்க் புகையிலை வியாபாரி. மாசசூசெட்ஸ் கரைக்கு அருகே அவருக்குச் சொந்தமாக பெனிகீஸ் என்றொரு சின்னத் தீவு இருந்தது. தீவையும் கொடுத்து, கூடவே 50,000 டாலரும் கொடுத்துவிட்டார்.

ஜூலையில் பள்ளி திறந்தபோது கட்டட வேலையே முடியவில்லை. ஆடு மாடு கட்டும் கொட்டகைதான் முதல் கூடம். ஆண்கள் பகுதியையும் பெண்கள் பகுதியையும் பிரிக்கப் பாய்மரத் துணியைத் தொங்கவிட்டார்கள். வந்தவர்கள் சுமார் ஐம்பது பேர். பெரும்பாலும் பள்ளி, கல்லூரி ஆசிரியர்கள், அவர்களில் பெண்களும் கணிசம். ஆணும் பெண்ணும் சேர்ந்து அறிவியல் படிப்பது அன்றைக்குச் சாதாரண விஷயமில்லை.

அகஸ்ஸியின் முறை எளிமையானது. புத்தகத்தை மூடு, உயிரைப் பார். படகில் போய் வலை போட்டுக் கடல் உயிர்களை எடுத்து வர வேண்டும், அறுத்துப் பார்க்க வேண்டும், வரைய வேண்டும். பதிலை அவர் சொல்லமாட்டார், நீயே கண்டுபிடி என்பார். வருடம் முழுக்க மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று பதில் சொல்லியே பழகியவர்கள், இங்கே மாணவர்களாகிக் கேள்வி கேட்டார்கள். கடல் காற்றும் புதுச் சிநேகிதர்களும் கூடவே கிடைத்தார்கள். உழைப்பு குறையவில்லை, ஆனால் அது வேறு மாதிரி உழைப்பு. அதுவே அவர்களுக்குப் பாதி ஓய்வு.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. டார்வினின் பரிணாமக் கொள்கையை அகஸ்ஸி கடைசிவரை ஏற்கவில்லை. ஆனால் கண்ணால் பார்த்து முடிவெடு என்று அவரே சொல்லிக் கொடுத்திருந்ததால், அவருடைய மாணவர்கள் பலர் டார்வின் பக்கம் போய்விட்டார்கள்! அந்த ஐம்பது பேரில் ஒருவரான டேவிட் ஸ்டார் ஜோர்டன், பின்னாளில் மீன்களை ஆராய்ந்து பெயர் பெற்றார். 1891-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரும் ஆனார்.

இனி சோகம். ஊருக்கெல்லாம் கோடைப் பள்ளி நடத்திய அகஸ்ஸி தன் உடம்பைக் கவனிக்கவில்லை. 1869-லேயே அவருக்கு மூளையில் பாதிப்பு வந்து மாதக்கணக்கில் வேலையை நிறுத்த வேண்டியிருந்தது. தேறிய பிறகு நீண்ட கடல் பயணம், அது முடிந்ததும் பெனிகீஸ். 1873 டிசம்பர் 14 அன்று, 66 வயதில் இறந்துபோனார். அடுத்த கோடையில் மகன் அலெக்சாண்டர் பள்ளியை நடத்தினார். அதற்குப் பிறகு பணமும் இல்லை, நடத்த ஆளும் இல்லை. இரண்டே கோடையோடு பள்ளி மூடப்பட்டது.

ஆனால் விதை விழுந்துவிட்டது. 1874-ல் அங்கே படித்த கார்னீலியா கிளாப், மவுண்ட் ஹோலியோக் பெண்கள் கல்வி நிலையத்து ஆசிரியை. அதே கோடையில் படித்த சார்லஸ் விட்மன் அப்போது பாஸ்டனில் பள்ளி ஆசிரியர். 1888-ல் வுட்ஸ் ஹோலில் கடல் உயிரியல் ஆய்வகம் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநர் அதே விட்மன். முதல் வருடமே அங்கே ஆராய்ச்சிக்கு வந்தவர்களில் ஒருவர் கிளாப். அந்த ஆய்வகம் இன்றும் இயங்குகிறது. கிளாப் 1896-ல் சிகாகோவில் முனைவர் பட்டம் வாங்கியபோது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. வேலையில் இருந்துகொண்டே கோடை கோடையாகப் படித்து முன்னேறியவர் அவர்.

ஏரிக்கரையில் "ஒதுங்கிடம்"

பெனிகீஸ் மூடிய அதே 1874-ல், நியூயார்க் மாநிலத்தின் மேற்கே ஷடாக்வா ஏரிக்கரையில் இன்னொன்று தொடங்கியது. ஜான் ஹெய்ல் வின்சென்ட் என்ற மெதடிஸ்ட் பாதிரியாரும், லூயிஸ் மில்லர் என்ற தொழிலதிபரும் சேர்ந்து நடத்தியது. (மில்லரின் மகளைத்தான் பிற்பாடு தாமஸ் எடிசன் மணந்தார்.) முதலில் அது ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கான இரண்டு வார முகாம், அவ்வளவுதான்.

சீக்கிரமே மதம் தாண்டி விரிந்தது. 1878-ல் நான்கு வருட வாசிப்பு வட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். வீட்டிலிருந்தபடியே புத்தகங்களைப் படிக்கலாம். முதல் வருடமே 8,000 பேருக்கு மேல் சேர்ந்தார்கள். 1879-ல் பள்ளி ஆசிரியர்களுக்கென்றே ஒரு கோடைப் பள்ளி வந்தது. அதற்கு வைத்த பெயர்தான் கவனிக்க வேண்டியது: "டீச்சர்ஸ் ரிட்ரீட்". ரிட்ரீட் என்றால் சந்தடியை விட்டு ஒதுங்கியிருக்கும் இடம். படிக்கக் கூப்பிடும்போதே ஓய்வு என்று பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள்!

வெறும் பெயரோடு நிற்கவில்லை. வகுப்புகளும் சொற்பொழிவுகளும் ஒரு பக்கம், ஏரியில் படகு, இசை, மரத்தடிப் பேச்சு இன்னொரு பக்கம். குடும்பத்தோடு வந்து தங்கலாம். இந்த யோசனை பிடித்துப்போய் நாடெங்கும் குட்டி ஷடாக்வாக்கள் முளைத்தன. இங்கே பாடம் நடத்திய வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரானபோது கோடையையும் ஒரு முழுப் பருவமாக்கினார். வேலையில் இருக்கும் ஆசிரியர்கள் கோடைதோறும் வந்து பட்டம் வாங்க அது வழி திறந்தது.

இதே காலத்தில் நடந்த ஒரு சின்னச் சம்பவம். வெல்லஸ்லி கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த கேதரின் லீ பேட்ஸ், 1893 கோடையில் கொலராடோவில் ஒரு கோடைப் பள்ளியில் பாடம் எடுக்கப் போனார். வேலைக்கு நடுவே சக ஆசிரியர்களோடு வண்டி கட்டிக்கொண்டு பைக்ஸ் பீக் மலை உச்சிக்கு ஒரு சுற்றுலா. உச்சியில் நின்ற நேரம் கொஞ்சம்தான். அந்தக் காட்சி தந்த உந்துதலில் எழுதிய கவிதைதான் "அமெரிக்கா தி பியூட்டிஃபுல்". 1895-ல் வெளியாகி, பின்னாளில் நாடே பாடும் பாட்டாயிற்று. அந்தக் கோடையில் அவர் நடத்திய பாடங்கள் யாருக்கும் நினைவில்லை. மலை ஏறிய ஒரு நாள் நிலைத்துவிட்டது.

"அப்பாடா, வெளியே வந்தோம்!"

ஷடாக்வாவைப் பார்த்து எல்லோரும் மயங்கிவிடவில்லை. உளவியல் மேதை வில்லியம் ஜேம்ஸ் 1896-ல் அங்கே ஒரு வாரம் தங்கினார். ஏழ்மை இல்லை, குற்றம் இல்லை, போலீஸ் இல்லை, எங்கு பார்த்தாலும் இசையும் படிப்பும். அவரும் ரசித்தார். ஆனால் அங்கிருந்து கிளம்பி வெளி உலகத்தில் கால் வைத்ததும் அவருக்கு வந்தது நிம்மதிப் பெருமூச்சு! எல்லாம் அளவோடு, எல்லாம் ஒழுங்கோடு இருப்பதே சலிப்பாகிவிட்டது என்று எழுதினார்.

அந்தக் கட்டுரை 1899-ல் வந்த அவருடைய "டாக்ஸ் டு டீச்சர்ஸ்" புத்தகத்தில் இருக்கிறது. அதே புத்தகத்தில், மனதைத் தளர்த்துவது பற்றி இன்னொரு கட்டுரையும் உண்டு. மனிதர்கள் ஓய்ந்துபோவது வேலையின் அளவால் அல்ல, எப்போதும் அவசரம், எப்போதும் பதற்றம் என்று வேலை செய்யும் விதத்தால்தான் என்பது அவர் வாதம். ஆசிரியர்களுக்கு அவர் சொன்ன யோசனை இது: பாடத்தை முன்கூட்டியே நன்றாக ஊறப் போட்டுவிடுங்கள், வகுப்புக்குள் நுழையும்போது கவலையைத் தூக்கி எறிந்துவிடுங்கள்.

இந்தக் கணக்கில் பார்த்தால், கோடையில் நிதானமாகப் படிப்பது அடுத்த வருடத்துப் பதற்றத்தைக் குறைக்கும். அதே கோடையை மணி அடித்து மணி அடித்து நிரப்பினால், பதற்றம் லீவுக்குள்ளும் நுழைந்துவிடும்.

கப்பலில் வந்த கியூபா ஆசிரியர்கள்

1900 கோடையில் நடந்தது இன்னும் பிரமாண்டம். 1898 போரில் ஸ்பெயினைத் தோற்கடித்த பிறகு கியூபா அமெரிக்க ராணுவ ஆட்சியில் இருந்தது. கியூபாவின் பள்ளி ஆசிரியர்கள் சுமார் 1,300 பேரை அமெரிக்க ராணுவக் கப்பல்களில் ஏற்றி ஹார்வர்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஆறு வாரம் ஆங்கிலம், வரலாறு, புவியியல் என்று பாடங்கள், ஊர் சுற்றல், விருந்து. செலவை ஈடுகட்ட ஹார்வர்ட் நன்கொடை திரட்டியது. வந்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். ஹார்வர்ட் கல்லூரியில் பெண்களைச் சேர்க்காத காலம் அது என்பதை நினைத்தால் ஆச்சரியம்தான்.

அந்த ஆசிரியர்களுக்கு இதனால் நன்மை இருந்தது, சந்தேகமில்லை. ஆனால் பாடத்திட்டத்தைத் தீர்மானித்தது அவர்களல்ல. கியூபாவை அமெரிக்க வழிக்குப் பழக்குவது என்ற அரசியல் நோக்கம் அதற்குப் பின்னால் இருந்தது. கோடைப் பயிற்சி யாருக்காக? ஆசிரியருக்காகவா, அனுப்புகிறவருக்காகவா? இந்தக் கேள்வி அன்றிலிருந்து இன்றுவரை போகவில்லை.

பணம் கொடுத்துப் படிக்க வைத்த காலம்

1953-ல் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை கோடைப் பயிலரங்குகளைத் தொடங்கியது. 1957 அக்டோபரில் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியதும் அமெரிக்கா பதறிப்போனது. அறிவியல் ஆசிரியர்களைத் தயார் செய் என்று பணம் கொட்டியது. இதில் புதுமை என்னவென்றால், படிக்க வரும் ஆசிரியருக்கு உதவித்தொகை கொடுத்தார்கள். குடும்பத்துக்கும் பயணத்துக்கும் தனிப் படி. ஏன்? வழக்கமாகக் கோடையில் வேறு வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கும் ஆசிரியர், அதை விட்டுவிட்டு வந்தால் இழக்கும் வருமானத்தை யார் தருவது? அந்தக் கணக்கை முதல்முறை அரசாங்கமே பெரிய அளவில் போட்டுப் பார்த்தது.

இந்த யோசனை இந்தியாவுக்கும் வந்தது. 1963-லிருந்து பல்கலைக்கழக மானியக் குழு, என்.சி.இ.ஆர்.டி., அமெரிக்க உதவி நிறுவனம் ஆகியவை சேர்ந்து அறிவியல், கணித ஆசிரியர்களுக்குக் கோடைப் பயிலரங்குகள் நடத்தின. 1987-லிருந்து கல்லூரி ஆசிரியர்களுக்கு அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ்கள் வந்தன. பதவி உயர்வுக்கு அந்தப் பயிற்சிச் சான்றிதழ் அவசியம் என்றானதும், ஆர்வத்தில் போனவர்களோடு கையெழுத்துக்காகப் போனவர்களும் சேர்ந்துகொண்டார்கள்!

வரலாறு சொல்லும் கணக்கு

இத்தனை கதைகளையும் கூட்டிப் பார்த்தால் சில விஷயங்கள் தெளிவாகத் தெரிகின்றன.

ஒன்று, வருடம் முழுக்கச் செய்த வேலையையே கோடையிலும் செய்தால் அது ஓய்வும் ஆகாது, வளர்ச்சியும் ஆகாது. பெனிகீஸ் வெற்றி பெற்றது ஆசிரியரை மாணவராக மாற்றியதால்தான்.

இரண்டு, காலி நேரம் வீண் நேரமில்லை. பைக்ஸ் பீக் உச்சிக்குப் போன நாள் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

மூன்று, எதைப் படிப்பது என்று ஆசிரியரே தேர்ந்தெடுக்க வேண்டும். மேலேயிருந்து வரும் உத்தரவு வருகைப் பதிவேட்டைத்தான் நிரப்பும்.

நான்கு, செலவை யாராவது ஏற்க வேண்டும். "ஆர்வம் இருந்தால் படிப்பார்கள்" என்று சொல்வது எளிது. வீட்டு வாடகையை ஆர்வம் கட்டாது.

ஐந்தாவது, அகஸ்ஸியின் வாழ்க்கை சொல்வது. எவ்வளவு பெரிய ஆசிரியராக இருந்தாலும் உடம்பு ஒன்றுதான். அவர் இன்னும் சில கோடைகள் இருந்திருந்தால் அந்தத் தீவுப் பள்ளியும் இருந்திருக்கலாம்.

அடுத்த முறை யாராவது "வாத்தியாருக்கென்ன, லீவுதானே!" என்று சொன்னால், பாய்மரத் துணிக்குப் பின்னால் தூங்கி எழுந்து, விடிந்ததும் கடல் உயிர்களைத் தேடிப் போன ஐம்பது பேரை நினைத்துக்கொள்ளுங்கள். மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருக்கும் டீச்சரைப் பார்த்தாலும் குறை சொல்லாதீர்கள். ஜூன் மாதம் வகுப்புக்குள் நுழையப்போவது அந்த டீச்சர்தானே? சோர்ந்த முகத்தோடு நுழைவதா, தெளிந்த முகத்தோடு நுழைவதா என்பது அந்த மரத்தடியில்கூடத் தீர்மானமாகலாம்.