எண்ண முடியாத பணம்!

வங்கியில் காசாளர் காலையிலிருந்து மாலை வரை பணத்தை எண்ணிக்கொண்டே இருக்கிறார். ஆனால் ஆங்கில இலக்கணப் புத்தகத்தைத் திறந்தால் 'மனி' என்பது எண்ண முடியாத பெயர்ச்சொல் என்று போட்டிருக்கிறது! இதை மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் சொன்னால் அது குழம்பாமல் என்ன செய்யும்? இந்தப் பிரிவு யாருக்காக உருவானது என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

லிண்ட்லி மர்ரே எழுதிய ஆங்கில இலக்கணம் 1795-ல் வெளிவந்தது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பல பத்தாண்டுகள் பள்ளிகளில் அதுதான் ஓடியது. கோதுமை, தங்கம், கர்வம் போன்ற சில சொற்கள், அந்தப் பொருளின் இயல்பு காரணமாக, ஒருமையில் மட்டுமே வரும் என்று அதில் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிட்டார். அந்தப் பிள்ளைகளுக்கு அது போதும். அவர்கள் வீட்டில் ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்கள். எந்தச் சொல்லுக்குப் பன்மை உண்டு, எதற்கு இல்லை என்பது அவர்கள் நாக்குக்கே தெரியும்.

ஆனால் பொருளின் இயல்புதான் காரணமா? கோதுமைக்கு ஆங்கிலத்தில் 'வீட்'. அது ஒருமை. 'ஓட்ஸ்' என்பதோ பன்மை. இரண்டுமே தானியம்தான், இரண்டையும் மூட்டையில்தான் அளக்கிறோம்! ஆக, காரணம் பொருளில் இல்லை, மொழியின் வழக்கத்தில் இருக்கிறது.

இதைப் பெரிய அளவில் ஆராய்ந்தவர் ஓர் ஆங்கிலேயர் அல்ல. டென்மார்க்கைச் சேர்ந்த ஓட்டோ யெஸ்பெர்சன், கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். அவருடைய ஆங்கில இலக்கண நூலின் இரண்டாம் தொகுதி 1914-ல் வெளிவந்தது. எண்ணத்தக்க பொருட்பெயர்களையும், வடிவமோ எல்லையோ இல்லாமல் மொத்தமாகக் குறிக்கும் பெயர்களையும் அதில் தனித்தனியாக வைத்து விளக்கினார்.

அடுத்த கட்டம் ஜப்பானில் நடந்தது. ஜப்பானிய மொழியில் பெயர்ச்சொல்லுக்குப் பன்மை விகுதி கட்டாயமில்லை. நீளமான பொருள் என்றால் 'ஹோன்', தட்டையான பொருள் என்றால் 'மாய்' என்று எண்ணோடு ஓர் அளவுச் சொல்லைச் சேர்த்து எண்ணுவார்கள். அப்படிப் பேசி வளர்ந்தவருக்கு 'புக்', 'புக்ஸ்', 'ரைஸ்' என்ற வேறுபாடு எளிதில் பிடிபடாது.

1922-ல் ஜப்பானியக் கல்வித்துறைக்கு ஆலோசகராக டோக்கியோ போனவர் ஹெரால்ட் பாமர். சுமார் ஆயிரம் சொற்களுக்கு இலக்கண விவரம் தரும் ஒரு நூலை 1938-ல் வெளியிட்டார். அவரோடு பணியாற்றியவர் ஏ.எஸ். ஹார்ன்பி. இவர் 1924-ல் ஆங்கிலம் கற்பிக்க ஜப்பான் சென்றவர். கேட்டன்பி, வேக்ஃபீல்ட் இருவரோடும் சேர்ந்து அயல்மொழி மாணவர்களுக்காக ஓர் அகராதியைத் தயாரித்தார். அந்த நேரத்தில் போர் மூண்டது. 1941 டிசம்பருக்குப் பிறகு ஹார்ன்பி எதிரி நாட்டுக்காரர் என்று காவலில் வைக்கப்பட்டார். 1942-ல்தான் ஊர் திரும்பினார். ஆனால் அதே 1942-ல், போருக்கு நடுவிலேயே, டோக்கியோவின் கைதாகுஷா பதிப்பகம் அந்த ஆங்கில அகராதியை வெளியிட்டது! 1948-ல் ஆக்ஸ்ஃபோர்ட் அதை மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. இன்று மாணவர்கள் புரட்டும் ஆக்ஸ்ஃபோர்ட் அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் அகராதியின் மூலம் அதுதான்.

அந்த அகராதி பெயர்ச்சொற்களுக்கு 'சி', 'யு' என்று அடையாளம் போட்டது. எண்ணத்தக்கது 'சி', எண்ணத்தகாதது 'யு'. முக்கியமான விஷயம், அடையாளம் சொல்லுக்கு மட்டும் அல்ல, அதன் ஒவ்வொரு பொருளுக்கும் உண்டு. 'கிளாஸ்' என்றால் கண்ணாடி, அது 'யு'. அதே 'கிளாஸ்' தண்ணீர் குடிக்கும் டம்ளர் என்றால் 'சி'. எழுதும் காகிதமான 'பேப்பர்' 'யு'. காலையில் வரும் செய்தித்தாளான 'பேப்பர்' 'சி'.

பிரெஞ்சு மொழியில் மேசை நாற்காலிகளைக் குறிக்கும் சொல்லுக்கும், தகவல் என்ற சொல்லுக்கும் பன்மை தாராளமாக உண்டு. ஆங்கிலத்தில் 'ஃபர்னிச்சர்ஸ்', 'இன்ஃபர்மேஷன்ஸ்' என்றால் தவறு. பொருள் ஒன்றுதான், மொழிதான் வேறு.

தமிழிலும் 'பத்து மாடு வாங்கினார்' என்றுதான் பேசுகிறோம். 'மாடுகள்' என்று சொல்லாவிட்டால் யாரும் திருத்துவதில்லை. அந்தப் பழக்கத்தோடு வரும் குழந்தையிடம் 'எண்ணிப் பார், எண்ண முடிகிறதா?' என்று கேட்டால், அது அரிசியையும் ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டிவிடும். அது சரியான பதில்தான், கேள்விதான் தவறு! 'இந்தச் சொல்லோடு ஒன்று, இரண்டு சேர்த்துப் பேசுவார்களா?' என்று கேட்க வேண்டும். 'டூ ரூபீஸ்' உண்டு, 'டூ மனி' கிடையாது. 'டூ சேர்ஸ்' உண்டு, 'டூ ஃபர்னிச்சர்' கிடையாது. இப்படிச் சோடி சோடியாகச் சொல்லிப் பழகினால் பிள்ளைகளுக்குப் பிடிபட்டுவிடும்.

தவறாகச் சொன்ன குழந்தையின் தலையில் குட்டுவதற்கு முன் ஒன்றை நினைத்துப் பார்க்கலாம். கற்றறிந்த பெரியவர்களுக்கே இதற்கு ஓர் அகராதியும் அதில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அடையாளமும் தேவைப்பட்டன!