ஆர்க்கிட் கலப்பு வளர்ப்பு

இரு வேறு ஆர்க்கிட் இனங்களையோ, முன்பே கலந்து பிறந்த செடிகளையோ கையால் மகரந்தச் சேர்க்கை செய்து புதிய பூவைப் பெறுவது ஆர்க்கிட் கலப்பு வளர்ப்பு. இன்று பெரிய பண்ணைகள் இதைத் தொழிலாகச் செய்கின்றன. என்றாலும், இதற்கு வேண்டிய கருவி ஒரு பல்குத்தும் குச்சிதான். அதனால் மாடியில் நான்கைந்து தொட்டி வைத்திருப்பவரும் இதில் இறங்கலாம்.

ஆர்க்கிட் பூவில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் ஒட்டி, நடுவில் ஒரே குட்டைத் தண்டாக நிற்கும். அதன் நுனியில் ஒரு சிறு தொப்பி. குச்சியால் மெல்ல நெம்பினால் தொப்பி கழன்று, உள்ளிருந்து மஞ்சள் மகரந்த உருண்டைகள் குச்சியோடு ஒட்டிக்கொண்டு வரும். மற்றப் பூக்களைப் போல மகரந்தம் பொடியாக உதிராது. தாயாகத் தேர்ந்த பூவில், அதே தண்டின் அடிப்பக்கம் பசை கசியும் குழி ஒன்று இருக்கும். உருண்டையை அதில் வைத்து அழுத்தினால் வேலை முடிந்தது. சில நாளில் பூ வாடும். காம்பு பருத்துக் காயாகும். பலேனாப்சிஸ் வகையில் காய் முற்ற நான்கிலிருந்து ஆறு மாதம் ஆகும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். ஒரு காயில் பல்லாயிரம் விதைகள், சில இனங்களில் பத்து லட்சத்துக்கும் மேல். எல்லாம் தூசி போன்றவை. நெல்லிலும் உளுந்திலும் முளைக்கு ஊட்டமாக இருக்கும் மாவுச்சத்து இவற்றில் சேமித்து வைக்கப்படுவதில்லை. காட்டில் ஒருவகைப் பூஞ்சை உள்ளே நுழைந்து உணவு கொடுத்தால்தான் முளைக்கும். பிரான்சின் நோயெல் பெர்னார் இதைக் கண்டறிவதற்கு முன், தாய்ச்செடியின் வேரடியில் விதையைத் தூவிவிட்டுக் காத்திருப்பதே வழக்கம். இங்கிலாந்தின் வீச் நாற்றுப்பண்ணையில் ஜான் டொமினி உருவாக்கிய முதல் கலப்பு ஆர்க்கிட் 1856இல் பூத்தது என்றால், அத்தனை தடையையும் தாண்டித்தான்.

அந்தக் காலத்தில்தான் சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர்மீனியப் பெண்மணி ஆக்னஸ் ஜோவாக்கிம், வாண்டா ஹூக்கெரியானா, வாண்டா டெரெஸ் இரண்டையும் கலந்தார். இரண்டும் அங்கே தோட்டந்தோறும் வளர்ந்த செடிகள். பிறந்த இளஞ்சிவப்பு ஊதாப் பூவைத் தாவரவியல் பூங்காவின் ஹென்றி ரிட்லியிடம் காட்டினார். கலப்பைச் செய்தவர் ஆக்னஸே என்று ரிட்லி 1893இல் எழுதி வெளியிட்டார். செடிக்கு 'வாண்டா மிஸ் ஜோவாக்கிம்' என்று பெயர் வந்தது. 1899இல் மலர்க்காட்சியில் பரிசு பெற்ற சில மாதங்களில் ஆக்னஸ் காலமானார்.

பின்னால் வந்தவர்கள் சிலர், தோட்டத்து மூங்கில் புதரில் தானாக முளைத்ததை அவர் கண்டெடுத்தார் என்று சொல்லத் தொடங்கினார்கள். நேரில் பார்த்துப் பேசிய தாவரவியலாளரின் எழுத்து இருக்கும்போதே இந்தக் கதை பல பத்தாண்டுகள் உலவியது பெரிய அநியாயம். 1981இல் பூ சிங்கப்பூரின் தேசிய மலரானது. அதை உருவாக்கியவர் ஆக்னஸ்தான் என்ற அதிகாரபூர்வ ஏற்பு 2016இல்தான் வந்தது.

விதையை முளைக்க வைக்கும் சிக்கலுக்கும் விடை கிடைத்தது. 1922இல் அமெரிக்காவின் லூயிஸ் நட்சன், பூஞ்சை இல்லாமலே சர்க்கரை கலந்த அகர் கூழில் விதை முளைக்கும் என்று காட்டினார். கிருமி புகாத கண்ணாடிக் குடுவை போதும் என்றானது. தாவரவியலாளர் எரிக் ஹோல்ட்டம் அந்த முறையைச் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். அங்கே அப்படி வளர்த்த கலப்பு ஆர்க்கிட் 'ஸ்பாத்தோகுளோட்டிஸ் பிரிம்ரோஸ்' 1931இல் பூத்தது. இன்றைய பொழுதுபோக்காளர்கள் பலர் காயை மட்டும் ஆய்வகத்துக்குக் கொடுத்து, நாற்றைக் குடுவையோடு வாங்கிக்கொள்கிறார்கள். முதல் பூவைப் பார்க்க எப்படியும் சில ஆண்டுகள் ஆகும்.

பூத்த பிறகே பெயர் பதியலாம். 1906இல் சாண்டர் நிறுவனம் தொடங்கிய கலப்புப் பட்டியலை 1961 முதல் லண்டனின் அரச தோட்டக்கலைச் சங்கம் பராமரிக்கிறது. பதிவானவை ஒரு லட்சத்துக்கும் மேல். ஒரே பெற்றோருக்குப் பிறந்தவை எல்லாவற்றுக்கும், நிறம் வேறானாலும், தாய் தந்தை இடம் மாறினாலும், ஒரே பெயர்தான். பெற்றோர் யாரென்று தெரியாத செடியைப் பதிய முடியாது. அதனால் அனுபவசாலிகள் மகரந்தம் வைத்த கையோடு, இரு பெற்றோரின் பெயரும் தேதியும் எழுதிய சீட்டை அந்தப் பூங்காம்பிலேயே கட்டிவிடுகிறார்கள்.