கருப்பனும் வெள்ளைச்சாமியும் எங்கே போனார்கள்?

மண்வாசனையோடு, நிறத்தைச் சொல்லும்படி குழந்தைக்குப் பெயர் தேடுகிறவர்கள் இன்று கார்முகிலன், மாயோன், செவ்வந்தி என்று எழுதி வைத்துக்கொள்கிறார்கள். கருப்பன், கருப்பாயி, வெள்ளைச்சாமி, பச்சையம்மாள் ஆகியவை அந்தப் பட்டியலில் ஏறுவதில்லை. இவையும் நிறப் பெயர்கள்தான். நம் தாத்தா பாட்டி தலைமுறையில் ஊர்தோறும் புழங்கியவை. கருப்பு நிறத்தின் மேல் நமக்குள்ள இளக்காரம்தான் இவற்றை ஒழித்தது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அந்த இளக்காரம் உண்மை. ஆனால் பெயர்கள் மறைந்த கதைக்கு அது மட்டும் போதாது.

முதலில், இந்தப் பெயர்கள் பிள்ளையின் தோலைப் பார்த்து வைத்தவை என்ற எண்ணத்தை விட வேண்டும். நிறத்தைத் தெய்வத்தின் அடையாளமாகக் கொள்வது தமிழில் மிகப் பழைய வழக்கம். தொல்காப்பியம் முல்லை நிலத்துக்குக் கரிய மாயோனையும், குறிஞ்சிக்குச் சிவந்த சேயோனையும் தெய்வமாக வகுக்கிறது. அதே வழக்கம் ஊர் எல்லையில் கருப்பசாமியாகவும் பச்சையம்மனாகவும் தொடர்ந்தது. மதுரைக்கு அருகே அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பனுக்குச் சிலை வழிபாடு கிடையாது. மூடிய பெருங்கதவுக்கே சந்தனம் பூசி, மாலை சாத்திக் கும்பிடுகிறார்கள். கொடுக்கல் வாங்கல் வழக்கில் அந்தக் கதவின் முன் பொய்ச் சத்தியம் செய்ய ஆள் துணியமாட்டான். அந்தச் சாமிக்கு நேர்ந்து பெற்ற பிள்ளை எலுமிச்சை நிறத்தில் பிறந்தாலும் கருப்பன்தான். ஒரே வீட்டில் பெரியகருப்பன், சின்னக்கருப்பன் என்று அண்ணன் தம்பி இருந்ததற்கும், பாட்டன் பெயர் பேரனுக்கு வந்ததற்கும் குலதெய்வமே காரணம். மேனி நிறத்துக்கு அதில் வேலை இல்லை. வடமாவட்டங்களில் பச்சையம்மாளும் பச்சையப்பனும் பெருகியதும் இப்படித்தான். பச்சை நிறத்தில் எந்தப் பிள்ளையும் பிறப்பதில்லை.

சரி, வைத்த காரணம் தெய்வமாக இருக்கட்டும். கைவிட்ட காரணம் நிறவெறுப்புத்தானே என்று கேட்கலாம். 1975-இல் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ வருவதற்கு வெகு முன்பே பெண் பார்க்கப் போன இடத்தில் நிறம் பேசப்பட்டது. அதை மறுக்க முடியாது. ஆனால் நிறவெறுப்பு மட்டுமே காரணமென்றால் வெள்ளைச்சாமியும் வெள்ளையம்மாளும் இன்று கொடிகட்டிப் பறக்க வேண்டும். அவர்களும் கருப்பனோடு சேர்ந்தே பள்ளி வருகைப் பதிவேட்டிலிருந்து போய்விட்டார்கள். மறுபக்கம், கருமை என்றே பொருள்படும் கிருஷ்ணனும் சியாமளாவும் எந்தத் தடையும் இல்லாமல் நிலைத்தார்கள். கிருஷ்ணனின் பிராகிருத வடிவத்திலிருந்து வந்த கண்ணன் நாம் கொஞ்சும் பெயராகவே ஆகிவிட்டது. அந்தப் பொருள் காதில் விழுவதில்லை, அதனால் பிழைத்தது என்பார்கள். கார்முகிலனில் கருமை நன்றாகவே காதில் விழுகிறது. அதை விரும்பி வைக்கிறார்கள்.

அப்படியானால் வடமொழி மோகம் காரணமா? அதுவும் பாதி வழிதான் போகிறது. மறைமலையடிகள் 1916-இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் வடமொழிப் பெயர்களைக் களைந்து செழியன், வளவன், இளங்கோ என்று ஆயிரக்கணக்கான வீடுகளில் பெயர் மாற்றியது. கருப்பன் கலப்பற்ற தமிழ்ப் பெயர். ஆயினும் அந்த அலையில் அவன் கரையேறவில்லை. இயக்கம் தேடியது ஏட்டில் இருந்த அரசர்களையும் புலவர்களையும். எல்லைச்சாமியின் பெயர் ஏட்டில் இல்லை. வயலிலும் தெருவிலும் இருந்தது.

அந்தத் தெருதான் காரணம் என்று நினைக்கிறேன். ஒரே சாமியின் பெயர் மரியாதைக்குரியவருக்குக் கருப்பையா, கருப்பண்ணன் என்று நீண்டது. பண்ணையில் வேலை செய்தவனுக்கு ‘டேய் கருப்பா’ என்று குறுகியது. அப்படி ஏவப்பட்டவன் தன் மகனைப் பள்ளிக்கு அனுப்பும்போது, யாரும் அதட்டிக் கூப்பிட்டுப் பழகாத ஒரு பெயரைத் தேர்ந்தது வேரை மறந்த செயல் ஆகாது, நியாயமான தற்காப்பு. பேச்சில் ‘குப்பனும் சுப்பனும்’ என்றால் மதிப்பில்லாத ஆட்கள் என்று பொருள். சினிமாவில் வேலைக்காரப் பாத்திரத்துக்கு முனியம்மா என்று பெயரிட்டால் மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை. இதற்கு மாறாக, வள்ளல் பச்சையப்பரின் அறக்கட்டளை 1842-இல் சென்னையில் தொடங்கிய பள்ளி கல்லூரியாக வளர்ந்து, அந்தப் பெயருக்கு ஒரு கம்பீரம் சேர்ந்தது. கல்லூரி வாசலில் பெருமையாக வாசிக்கப்படும் அதே பெயரைப் பிள்ளைக்கு வைக்கத் தயங்குகிறோம் என்றால், குறை பெயரின் பொருளில் இல்லை.

ஆகவே கார்முகிலன் என்று பெயரிடும் பெற்றோர் மண்ணுக்குத் திரும்புகிறார்கள் என்று சொல்வது அவசரம். கருமையை அவர்கள் ஏற்கிறார்கள், வரவேற்கத்தக்கதுதான்; ஆனால் இலக்கியம் வழியாகச் சலித்து வந்த கருமையை மட்டும். பெயருக்கு இழிவும் உயர்வும் அதைக் கூப்பிடும் வாயிலிருந்து வருகின்றன. கருப்பாயி என்ற மருத்துவரும் வெள்ளைச்சாமி என்ற நீதிபதியும் வழக்கமான காட்சியாகும் நாளில், இந்தப் பெயர்களுக்காக யாரும் வாதாட வேண்டியிராது.