தங்கவயல் தேர்தல்களில் கட்சிகளின் கொள்கை

1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கப் பணியைத் தொடங்கியபின், கோலார் தங்கவயலுக்கு வேலை தேடி வந்தோரில் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்களிலும் தாழ்த்தப்பட்ட சாதியினரே மிகுதி. இங்கு தேர்தலில் நின்ற வேட்பாளர்கள் பேசிய பொருளாதாரமும் கல்வியும், இத்தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்புகளான ‘லைன்’ வீட்டு வாழ்க்கையிலிருந்தே பிறந்தன.

தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்வதை எதிர்த்து 1930இல் நடந்த வேலைநிறுத்தம் தொழிற்சங்க உணர்வுக்கு வித்திட்டது. 1946 நவம்பரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர்கள் மாண்டனர். கே.எஸ். வாசன் முதலான கம்யூனிஸ்டுகளுக்குச் செல்வாக்குத் தந்தவை சங்கப் போராட்டங்களே. சுரங்கத்தை அரசுடைமையாக்குவது அவர்களுக்கு வெறும் மேடைப் பேச்சல்ல, கூலிக் கணக்கு. 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962இல் அவை மத்திய அரசிடம் சென்றன.

கல்வியையும் இடஒதுக்கீட்டையும் முன்னிறுத்தியது அம்பேத்கரியம். 1954இல் அம்பேத்கரே இங்கு வந்தார். அம்பேத்கரியக் கட்சியான இந்தியக் குடியரசுக் கட்சியின் சி.எம். ஆறுமுகம் பின்னர் சட்டமன்றம் சென்றார். கர்நாடகத்தில் இருந்தும் தமிழ்நாட்டுக் கட்சியான அ.தி.மு.க.வையும் தேர்ந்தெடுத்த தொகுதி இது. ஆனால் எந்தக் கட்சியின் கொள்கையும் வேலையைக் காப்பாற்றவில்லை: 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது.