பழைய பிக்கப் சூடாகுதா? முள் எங்கே, எப்போது ஏறுகிறது என்று பாருங்கள்

கோம்பாக் டோல் சாவடியைத் தாண்டியாச்சு. கெந்திங் செம்பா சுரங்கப்பாதை வரை ரோடு ஏறிக்கொண்டே போகும். பின்னால் சாமான், உள்ளே ஐந்து பேர், ஏர்கோன் முழு வேகத்தில். வண்டி 2008ஆம் ஆண்டு ஹைலக்ஸ். எப்போதும் நடுவில் நிற்கும் வெப்பமானி முள் மெல்ல மேலே நகர ஆரம்பிக்கிறது.

"இன்னும் கொஞ்ச தூரம்தானே, மேலே போய் நிறுத்திக்கலாம்" என்று தோன்றும்.

அந்தக் கொஞ்ச தூரம்தான் பிரச்சினை. ரேடியேட்டர் மூடி, தெர்மோஸ்டேட் போன்றவை விலை குறைந்த சாமான்கள். அதில் ஒன்று கெட்டுப்போனதைக் கவனிக்காமல் ஓட்டினால் செலவு எஞ்சினின் தலைப்பகுதிக்கு, அதாவது ஹெட்டுக்குப் போய்விடும். அங்கே பேச்சே ஆயிரக்கணக்கான ரிங்கிட்டில்தான். குத்தகை வேலைக்கோ காய்கறி ஏற்றவோ அந்த வண்டியை நம்பியிருக்கும் வீட்டில், பழுது செலவோடு வேலை போன நாள்களையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஹெட் ஏன் முதலில் அடிவாங்குகிறது?

2005 முதல் 2015 வரை விற்ற ஹைலக்ஸ் விகோவின் 2.5 லிட்டர் டீசல் எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே இருக்கும் பிளாக் வார்ப்பிரும்பு. மேலே இருக்கும் ஹெட் அலுமினியம். ஒரே அளவு சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிவடையும். இரண்டும் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருப்பதால் விரிய இடமில்லாத ஹெட் வளைகிறது. நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் நசுங்கி வழிவிடுகிறது. அதே கால பிக்கப்கள் பலவற்றிலும் நிலைமை இதுதான்.

இதற்கு மணிக்கணக்கில் ஓட்டணும் என்று இல்லை. கூலண்ட் இல்லாத எஞ்சினுக்குச் சில நிமிடங்களே போதும்.

ரோட்டில் இருக்கும்போது

முள் நடுக்கோட்டைத் தாண்டியதும் ஏர்கோனை அடைத்துவிடுங்கள். ஏர்கோனின் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறது. அதன் சூட்டை வாங்கிய காற்றுதான் ரேடியேட்டருக்குப் போகிறது. கால் அழுத்தத்தைக் குறைத்து, கியரை இறக்கி, நிறுத்தப் பாதுகாப்பான இடம் பாருங்கள்.

முள் சிவப்பைத் தொட்டாலோ ஆவி தெரிந்தாலோ யோசிக்க வேண்டாம். ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள்.

யூடியூபில் ஒரு யோசனை அடிக்கடி வரும்: ஹீட்டரை முழுசாகத் திறந்தால் எஞ்சின் சூடு குறையும் என்று. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் அது சரியான யோசனை. நம்ம ஊரில் விற்ற பல வண்டிகளில் ஹீட்டரே கிடையாது. சூடான பக்கம் திருப்ப குமிழே இல்லாத டாஷ்போர்டில் அதைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

நெடுஞ்சாலை அவசரத் தடத்தில் நின்றால் வண்டிக்குள்ளேயும் வண்டிக்குப் பின்னாலேயும் யாரும் இருக்கக்கூடாது. முக்கோணத்தை வைத்துவிட்டு எல்லாரும் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை என்றால் பிளஸ் உதவி எண் 1800-88-0000.

அப்புறம் மூடி. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். சும்மா சொல்கிற எச்சரிக்கை இல்லை இது. சாதாரணத் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். மூடி சுமார் 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் அதே தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திருகிய நொடியில் அழுத்தம் போய்விடும். 110 டிகிரியில் அமைதியாக இருந்தது அப்படியே ஆவியாகி முகத்தை நோக்கி வரும். துணி போட்டுத் திறந்தாலும் கதை அதேதான்.

குறைந்தது அரை மணி நேரம் விடுங்கள். எஞ்சினையும் ரேடியேட்டரையும் இணைக்கும் மேல் ரப்பர் ஹோஸைக் கையால் சாதாரணமாகப் பிடிக்க முடிந்தால், அழுத்தினால் மெத்தென்று இருந்தால், அப்போது திறக்கலாம். தண்ணி ஊற்றும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக. கொதிக்கும் எஞ்சினுக்குள் ஐஸ் தண்ணியைக் கொட்டினால் ஹெட் விரிசல் விடலாம்.

எப்போது ஏறுகிறது?

வண்டி பட்டறைக்குப் போனதும் போமேன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். பாதி நோய் இந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

நெரிசலில் நிற்கும்போது ஏறி, வேகம் எடுத்ததும் இறங்குகிறதா? அப்படியென்றால் காற்று போதவில்லை. ஓடும்போது எதிர்க்காற்று தானாக ரேடியேட்டர் வழியே நுழைகிறது. நிற்கும்போது ஃபேன்தான் இழுக்கணும். பழைய டீசல் பிக்கப்களில் பெரும்பாலும் எஞ்சினே சுழற்றும் ஃபேன். அதன் நடுவில் சிலிக்கான் எண்ணெய் நிரம்பிய ஃபேன் கிளட்ச் இருக்கும். சூடு ஏறினால் பிடித்துக்கொள்ளும், குறைந்தால் விட்டுவிடும். வயதானால் அந்த எண்ணெய் கசிந்துபோய், ஃபேன் சுற்றுவது போலத் தெரியும், ஆனால் காற்று இழுக்காது. எஞ்சின் அணைந்து நன்றாக ஆறிய பிறகு ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். கொஞ்சம் கனமாக எதிர்த்து, கையை எடுத்ததும் நிற்பது நல்லது. சைக்கிள் சக்கரம் போல இலகுவாகச் சுற்றிக்கொண்டே போனால் கிளட்ச் முடிந்தது. எஞ்சின் ஓடும்போது அங்கே கை வைக்கும் எண்ணமே வரக்கூடாது.

நெரிசலில் சரியாக இருந்து, ஏற்றத்திலோ 110 கிலோமீட்டர் வேகத்திலோ ஏறுகிறதா? காற்று வருகிறது. ஆனால் எஞ்சின் உண்டாக்கும் சூட்டை ரேடியேட்டரால் வெளியேற்ற முடியவில்லை. உள்ளே துருவும் சுண்ணமும் அடைத்திருக்கலாம். வெளியே தகடுகளுக்கு நடுவில் சேறு அடைத்திருக்கலாம். செம்பனைத் தோட்டத்தில் ஓடிய வண்டி என்றால் இரண்டாவதை முதலில் சந்தேகப்படுங்கள். முன்பக்கம் கண்டென்சர் சுத்தமாகத் தெரியும். அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில்தான் காய்ந்த மண்ணும் லாலாங் புல்லும் மெத்தை மாதிரி உட்கார்ந்திருக்கும். ரேடியேட்டரைக் கழற்றாமல் அது தெரியாது. முன்னாலிருந்து உயர் அழுத்தத் தண்ணி அடித்துவிட்டு "கழுவியாச்சு" என்றால் தகடுகள் மடங்கியதுதான் மிச்சம்.

இதே வகையில் இன்னொன்று உண்டு. வேகம் கூட்டும்போது கீழ் ஹோஸ் உள்ளே ஒட்டிக்கொள்வது. அடைத்த ரேடியேட்டரிலிருந்து வாட்டர் பம்ப் உறிஞ்சப் பார்க்கும்போது, வலுவிழந்த ஹோஸ் சப்பையாகிவிடும். வண்டியை நிறுத்தி பானெட்டைத் திறப்பதற்குள் அது பழைய வடிவத்துக்கு வந்துவிடும் என்பதால் பல பேர் கண்ணில் படுவதில்லை.

குளிர்ந்த வண்டியை எடுத்த சில நிமிடங்களிலேயே ஏறுகிறதா? தெர்மோஸ்டேட் மூடியபடியே சிக்கியிருக்கலாம், அல்லது உள்ளே காற்று அடைத்திருக்கலாம். அண்மையில் கூலண்ட் மாற்றிய வண்டி என்றால் காற்றை முழுசாக வெளியேற்றினார்களா என்று கேளுங்கள்.

முள் ஒரு நாள் ஏறி மறுநாள் சரியாகிவிடுகிறதா? கூலண்ட் அளவைப் பாருங்கள். ரிசர்வ் டாங்கியை மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். மூடி கெட்டிருந்தால் டாங்கி நிறைய இருக்கும், ரேடியேட்டருக்குள் குறைந்திருக்கும். ஆறிய வண்டியில் மூடியைத் திறந்து, விளிம்பு வரை நிற்கிறதா என்று பார்ப்பதுதான் கணக்கு. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

முள்ளை எவ்வளவு நம்பலாம்?

முழுசாக நம்ப முடியாது. பல வண்டிகளில் முள் ஒரு பெரிய வெப்ப வரம்பு முழுக்க நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள், ஓட்டுநர் வீணாகப் பயப்படக்கூடாது என்று. அது நகரும்போது நிலைமை ஏற்கெனவே முற்றியிருக்கும். இன்னும் மோசமானது, கூலண்ட் முழுசாகப் போய்விட்டால் உணரி வெறும் காற்றில் நிற்கும். எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போது முள் கீழே இறங்கவும் கூடும்.

டாஷ்போர்டுக்குக் கீழே செருகும் மலிவான ஓபிடி புளூடூத் கருவி ஒன்று இருந்தால், கைப்பேசியிலேயே கூலண்டின் உண்மையான வெப்பநிலையை எண்ணாகப் பார்க்கலாம். ரொம்பப் பழைய வண்டிகள் சிலவற்றில் அது பேசாது. அதனால் வாங்கும்முன் உங்கள் மாடலுக்கு ஒத்துவருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

"தெர்மோஸ்டேட்டைக் கழற்றிப் போட்டுடலாம், பாஸ்"

இதைக் கேட்காத பிக்கப் உரிமையாளர் குறைவு. நம்ம நாடு சூடான நாடு, தெர்மோஸ்டேட் எதுக்கு என்பது வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கு. ஆனால் தவறு.

எஞ்சின் தன் வேலை வெப்பநிலைக்கு வரும்வரை கூலண்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுப்பது தெர்மோஸ்டேட்டின் வேலை. பொதுவாக 80 டிகிரியை ஒட்டித் திறக்க ஆரம்பிக்கும். அது இல்லாவிட்டால் எஞ்சின் சூடேற நேரமாகும், டீசல் அதிகம் குடிக்கும். அதைவிட முக்கியம் ஒன்று: சில எஞ்சின்களில் தெர்மோஸ்டேட் திறக்கும்போதே அதன் இன்னொரு முனை பைபாஸ் குழாயை அடைக்கும். கழற்றிவிட்டால் அந்தக் குழாய் எப்போதும் திறந்தே இருக்கும். கூலண்டில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே எஞ்சினைச் சுற்றிவரும். சூட்டைக் குறைக்கக் கழற்றியதே சூட்டைக் கூட்டும்.

சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு பழைய சட்டியில் தண்ணி, அதில் தெர்மோஸ்டேட், ஒரு வெப்பமானி. எத்தனை டிகிரியில் திறக்க வேண்டும் என்பது அதன் மேலேயே பொறித்திருக்கும். தண்ணி அந்தச் சூட்டைத் தாண்டியும் திறக்கவில்லை என்றால் தூக்கிப் போட்டுவிட்டு புதுசு போடுங்கள்.

பைப் தண்ணியும் அப்படித்தான். அவசரத்துக்கு ஊற்றலாம், வேறு வழியில்லை. உறைந்துபோகாத நாட்டில் கூலண்ட் தேவையில்லை என்று சொல்வார்கள். சூட்டைச் சுமப்பதில் வெறும் தண்ணீர் கூலண்ட் கலவையைவிடக் கெட்டிக்காரர் என்பதும் உண்மைதான். ஆனால் நமக்குக் கூலண்ட் வேண்டியது துருப் பிடிக்காமல் இருக்க. இன்று ஊற்றிய தண்ணி நாளைய அடைப்பு. வண்டி சரியானதும் வடித்துவிட்டு, கையேட்டில் சொன்ன வகையை ஊற்றுங்கள். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். சிவப்பு எல்லாம் ஒன்றல்ல, பச்சை எல்லாமும் ஒன்றல்ல.

தரையில் சொட்டு இல்லை, கூலண்ட் மட்டும் குறைகிறது

இங்கேதான் கவனம் வேண்டும். கூலண்ட் எங்கோ போகிறது, உங்கள் கண்ணுக்குத் தெரியாமல்.

வாட்டர் பம்பின் கசிவுத் துளைக்குக் கீழே காய்ந்த கோடு இருக்கிறதா பாருங்கள். ஓடும்போது மட்டும் கசிந்து, சூட்டில் உடனே காய்ந்துவிடும். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் மேல்தொட்டி கறுப்பிலிருந்து பழுப்பாக மாறியிருந்தால் அதன் ஆயுள் முடியப்போகிறது. மயிரிழை விரிசல் விடும் இடம் அதுதான். சில டீசல் பிக்கப்களில் புகைக்குழாய்ப் பக்கம் இருக்கும் ஈஜிஆர் கூலர் உள்ளே ஓட்டையாகி, கூலண்ட் புகையோடு வெள்ளையாக வெளியேறும். ஹெட் கேஸ்கெட் போனதுபோலவே தோன்றும் என்பதால், ஹெட்டைத் திறக்கும்முன் இதைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஆட்டோ கியர் வண்டியில் கூலண்ட் இளஞ்சிவப்புப் பால் மாதிரி இருந்தால், ரேடியேட்டருக்குள்ளேயே கியர் எண்ணெயும் கூலண்டும் கலந்திருக்கின்றன. அந்த வண்டியை ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாமல் இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள், கியர்பாக்ஸ் தப்பிக்கலாம்.

ஹெட் கேஸ்கெட் போனதற்கு வேறு அடையாளங்கள் உண்டு. காலையில் குளிர்ந்த எஞ்சினை எடுத்த ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல் மாதிரி விறைத்துவிடும். ரிசர்வ் டாங்கியில் விடாமல் குமிழி வரும். எண்ணெய் மூடியின் அடியில் பால்காபி நிறத்தில் பசை இருக்கும். ஆனால் குறுகிய தூரமே ஓடும் வண்டியில் வெறும் ஈரத்தாலும் அந்தப் பசை வரும், அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். உறுதிப்படுத்த எளிய சோதனை இருக்கிறது: ரேடியேட்டர் வாயில் நீலத் திரவம் உள்ள குழாயை வைத்து காற்றை இழுப்பார்கள். எரிவாயு கசிந்திருந்தால் நிறம் மாறும். "டாப் ஓவர்ஹால் செய்யணும்" என்று ஒரு பட்டறை சொன்னால், இந்தச் சோதனையை என் கண்முன் செய்யுங்கள் என்று கேட்பதில் தப்பே இல்லை.

ஹெட்டைத் திறந்தே ஆக வேண்டும் என்றால், புது கேஸ்கெட் மட்டும் போட்டு மூட விடாதீர்கள். ஹெட் எவ்வளவு வளைந்திருக்கிறது என்று அளந்து, விரிசல் இருக்கிறதா என்று அழுத்தம் கொடுத்துப் பார்த்து, தேவைப்பட்டால் ஸ்கிம் செய்ய வேண்டும். ஸ்கிம் செய்யவும் ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் வேறு ஹெட்தான்.

சில பேர் இதற்கெல்லாம் பதில் ஹாஃப்-கட் எஞ்சினே போட்டுவிடலாம் என்பார்கள். கணக்குப் பார்த்தால் சில சமயம் அது சரியாகக்கூட இருக்கும். ஆனால் எஞ்சின் எண் மாறும், ஜேபிஜே பதிவிலும் மாற்ற வேண்டும். அதோடு, முதல் எஞ்சினை வேகவைத்த அதே அடைத்த ரேடியேட்டர், அதே ஃபேன் கிளட்ச், அதே மூடி இன்னும் முன்னால்தான் உட்கார்ந்திருக்கும். அவற்றுக்கும் சேர்த்து விலை கேட்டுவிட்டுப் பேரம் பேசுங்கள்.